சத்தமில்லாத மாதத்தில் தேர்ந்தெடுத்த நாய்

மகளுக்கு ஒன்றேகால் வயதானபோது, வீட்டில் ஒரு பிராணி வளர்க்கலாம் என்று முடிவு செய்தோம். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை பார்ப்பது என் வேலை. வீட்டில் கிழித்த தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அன்றன்று நடந்ததை எழுதிவைப்பேன். இதையும் அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

மீன்தொட்டி முதலிலேயே வேண்டாம் என்றாகிவிட்டது. மகளின் கைக்கு எட்டியதெல்லாம் கவிழ்ந்துகொண்டிருந்த காலம். முயலை அவள் இறுக்கிப் பிடித்தால் முயலுக்குத்தான் ஆபத்து. பூனை நகத்துக்கு மனைவி பயந்தாள். மிஞ்சியது நாய்.

"குட்டி வேண்டாங்க. அதுவும் கடிக்கும், இவளும் கடிப்பா. ரெண்டையும் யாரு மேய்க்கிறது?" என்றாள் மனைவி. வளர்ந்த நாயாகத் தேடினோம்.

கார்த்திகை பிறந்ததும் ஒன்று கிடைத்தது. ராஜபாளையம் பக்கம் மாந்தோப்பில் வளர்ந்தது. அச்சகத்துக்குப் புதிதாக வந்திருந்த மெஷின்மேனுடையது.

"வீட்டு ஓனரு நாயி ஆகாதுங்காரு அண்ணாச்சி. ஒரு மாசம் வச்சுப் பாருங்க. ஒத்துவரலேன்னா தோப்புலயே விட்டுடுறேன்."

நான்கு ஞாயிறு கவனித்து எழுதினேன். முதல் ஞாயிறு மகள் காதைப் பிடித்து இழுத்தாள்; எழுந்து வேறிடத்தில் போய்ப் படுத்தது. இரண்டாவது ஞாயிறு, தின்றுகொண்டிருந்த தட்டை நான் எடுத்தேன், உறுமவில்லை. மூன்றாவது ஞாயிறு குக்கர் விசிலுக்குக் காதைக்கூட அசைக்கவில்லை. நான்காவது தாளில் 'வைத்துக்கொள்ளலாம்' என்று மட்டும் இருக்கிறது.

மறுநாள், தீபாவளிக்குப் பிறகு மூடிக் கிடந்த பட்டாசு கம்பெனிகள் பூஜை போட்டுத் திறந்தன. மாலை ஐந்தரைக்கு ஊருக்கு வெளியே சாம்பிள் வெடி போட்டுப் பார்த்தார்கள். மற்ற மாதங்களில் எப்போதும் கேட்கிற சத்தம். எங்களுக்கு அது உறைப்பதே இல்லை. நாய் கட்டிலுக்கு அடியில் புகுந்து நடுங்கியது. மகள் விளையாட்டென்று நினைத்துப் பின்னாலேயே தவழ்ந்து போனாள். உள்ளேயிருந்து உறுமல் கேட்டது. மனைவி அவள் காலைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டாள். கடி படவில்லை.

மூச்சு வாங்கியபடி மனைவி கேட்டாள்: "நாலு வாரம் எழுதுனீகளே, இது சத்தமில்லாத மாசம்னு எழுதுனீகளா?"

எழுதவில்லை. கம்பெனிகள் எப்போது மூடும், எப்போது திறக்கும் என்பது எனக்கு மனப்பாடம்.

நாயின் மேல் தப்பில்லை. அடுத்த ஞாயிறு வரை மகளையும் நாயையும் ஒரே அறையில் விடாமல் வைத்திருந்து, தோப்புக்கே அனுப்பினோம். வண்டியைவிட்டு இறங்கிய நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

மனைவி ஒரு பட்டாசு கம்பெனி அலுவலகத்தில் இருக்கிறாள். அங்கே பெட்டி ஒட்டுகிற பெண் பட்டாசு கம்பெனிகள் சூழ்ந்த தாயில்பட்டிக்காரி; விஷயத்தைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

"வெளியூரு நாயக் கொண்டாந்தா அப்படித்தாங்க்கா. வெடி வெடிச்சா எங்க நாயி கொட்டாவி விடும். எம் புள்ளைக அது மேலதான் உருளுதுக. அது போட்ட குட்டி ஒண்ணு வளந்து நிக்கி, வந்து பாருங்க."

இந்தத் தடவை, கம்பெனிகளுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. செவ்வாய் மாலை, வெடி போடும் நேரத்துக்கு அவள் வீட்டுக்குப் போனோம். அவள் சொன்ன குட்டி, வளர்ந்த செவலை நாயாக வாசல் சிமெண்டுத் தரையில் படுத்திருந்தது. ஐந்து நாற்பதுக்கு முதல் வெடி. ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொண்டது. மனைவி மகளை இடுப்பில் பிடித்தபடி அதன் முதுகைத் தொடவிட்டாள். அது கையை மோந்துபார்த்துவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டது. அடுத்த வெடிக்குத் துள்ளியது நான்தான்.

"அண்ணன் ராஜபாளையமோ?" என்றாள் வீட்டுக்காரப் பெண்.

கால்நடை மருத்துவமனையில் ஊசி போட்டு, பூச்சி மருந்து கொடுத்த பிறகே வீட்டுக்குள் சேர்த்தோம். இப்போதும் மகளையும் நாயையும் தனியே விடுவதில்லை.

இந்த வருஷம் தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடிய மறுநாள், மாலை ஐந்தரைக்கு நாய் வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றது. சத்தம் வரவில்லை. திரும்பி வந்து மகளின் பாய் ஓரம் படுத்தது. அவள் வாலைப் பிடித்தாள். எழுந்து இரண்டடி தள்ளிப் படுத்தது.

"சத்தமில்லாத மாசம்னு இப்ப எழுதுங்க" என்று மனைவி அன்றைய தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினாள்.