ஏகாதசிக்கு யார் வருவார்கள்?

"ஏகாதசிக்கு யாரெல்லாம் வருவாங்க?" வீடு கேட்டு வந்தவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் மாமா இதைக் கேட்டுவிடுவார். வேலை, சைவமா அசைவமா எல்லாம் அப்புறம்தான். ஸ்ரீரங்கத்தில், கோயிலுக்கு நடந்துபோகிற தூரத்தில் எங்கள் மாடிப் போர்ஷன். சொர்க்கவாசல் திறக்கும் சமயத்தில் ஊரில் எந்த லாட்ஜிலும் இடம் இருக்காது. குடும்பத்தோடு இருக்கப்போவதாகச் சொல்லி வீட்டைப் பிடித்து, மார்கழியில் முன்பின் தெரியாதவர்களுக்கு உள்வாடகைக்கு விடுகிறவர்களிடம் மாமா சூடுபட்டிருந்தார்.

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பொய்யை முகத்திலேயே பிடித்துவிடுவேன் என்று ஒரு மிதப்பு. ஸ்ரீரங்கத்தில் வீடு இருந்தால் ஏகாதசிக்குச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கத்தான் செய்வார்கள்; யாரும் வரமாட்டார்கள் என்கிறவன் நம்மைத் தாஜா செய்கிறான். இதுதான் அவர் கட்சி. சித்தப்பா வருவார், மச்சான் பிள்ளைகளோடு வருவான் என்று அலுத்துக்கொள்கிறவனே அவருக்கு நல்ல குடித்தனக்காரன்.

அப்படித்தான் உறையூரிலிருந்து வந்த தம்பதியைத் திருப்பி அனுப்பினார். கணவர் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு மூட்டுவலி, பஸ் ஏறி இறங்க முடியவில்லை. கோயிலுக்கு நடந்துபோகிற மாதிரி ஒரு வீடு வேண்டும், மெதுவாக மாடி ஏறிக்கொள்வேன் என்றார் அந்த அம்மா. மாமா தன் கேள்வியைக் கேட்டார். "எங்களுக்கு யாரும் வரமாட்டாங்க சார்," என்றார் கணவர். அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் போனதும், "எப்படி நடிக்கிறாங்க பாரு," என்றார் மாமா.

பெரிய குடும்பம் என்று சொன்ன ஒருவருக்கு வீடு போயிற்று. ஏகாதசியன்று அவருடைய 'சித்தப்பா' படியிறங்கி வந்து, ரூம் சாவியை யாரிடம் கொடுப்பது என்று மாமாவையே கேட்டார்.

அந்த ஆளைக் காலி செய்ய வைப்பதற்குள் மாமா ஓய்ந்துபோனார். இன்னொருவரை விசாரிக்கத் தெம்பில்லை, உறையூர்க்காரர்களுக்கே கொடுத்துவிடலாம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வந்த காரியத்தைச் சொல்லவே அந்த அம்மா விடவில்லை. கணவரைப் பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கிவரச் சொல்லிவிட்டு, அவசரமாக ரவை வறுத்து உப்புமா கிளறினார். மகள் வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டாளாம். இவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், சொந்தபந்தம் மொத்தமும் இவர்களை விட்டுவிட்டது. மகளும் வெளிநாட்டில். "ஆள் வந்து இந்த வீட்டுல இலை போட்டு எத்தனை வருஷமாச்சு! இன்னும் கொஞ்சம் வச்சுக்குங்க சார்," என்றார். மாமா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கடைசியில் வீட்டைப் பற்றிச் சொன்னார். அந்த அம்மா கணவரைப் பார்த்தார். "அப்பவே கிடைச்சிருந்தா எப்படியோ ஏறியிருப்பேன் சார். இப்ப வாசப்படியே தாண்ட முடியல," என்றார். குரலில் குறை சொல்கிற தொனியே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு குடித்தனக்காரர்களைப் பார்க்கும் வேலையை மாமா என் தலையில் கட்டிவிட்டார். இப்போது அவரும் இல்லை. நாளெல்லாம் புரோக்கர்களின் போன். ஒரே பேச்சைப் பேசிப் பேசி அலுத்துவிட்டது. என்ன வேலை என்று கேட்கிறேன். யார் வருவார்கள் என்று கேட்க வாய் வருவதில்லை. போன மார்கழியில் எங்கள் மொட்டைமாடிக் கொடியில் யார் யாருடைய வேட்டிகளோ காய்ந்தன. பார்த்துவிட்டுப் பேசாமல் கீழே இறங்கி வந்துவிட்டேன்.