வாஷ்பேசின் கல்லுக்கு அடியில் எழுதியிருந்தது

1. ஞாயிற்றுக்கிழமை போன்

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லையா அண்ணாச்சி. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். எவ்வளவு கூட்டம் இருந்தாலும் பின்படிக்கட்டு வரை கேட்கும் குரல் அவருக்கு. அன்றைக்கு அந்தக் குரல் ஒடுங்கிப்போய் வந்தது.

“யம்மா அருள்மேரி, நீ வச்ச வாஷ்பேசின் கல்லுக்கு அடியில என்னமோ எழுதியிருக்காமே? அரசாங்க இடம்னு இருக்காம். வீடு பாக்க வந்தவிய அட்வான்சு குடுக்கப் போற நேரத்துல கெளம்புதோம்னு நிக்காவ.”

கல்லுக்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். மூன்று வாரமாகத் தெரியும். தெரியாதது அண்ணாச்சிக்குத்தான்.

“அவியளச் செத்த நேரம் உக்கார வைங்க அண்ணாச்சி. காப்பி குடுங்க. நான் வாரேன்” என்று சொல்லிவிட்டு நடந்தேன். வீட்டுக்கு இல்லை, பட்டறைக்கு.

ராஜபாளையத்தில் ஒரு கிரானைட் பட்டறையில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். பில் எழுதத்தான் சேர்ந்தேன். அளவு எடுக்கிறவர் லீவு போட்ட ஒரு நாளில் டேப்பை வாங்கிக்கொண்டு போனேன், அதற்குப் பிறகு திருப்பிக் கொடுக்கவில்லை. குளியலறைக்குள் ஓர் ஆம்பளை டேப்போடு வந்தால் வீட்டுப் பெண்கள் கதவுக்கு வெளியே நின்றுகொள்வார்கள். நான் போனால் கூடவே உள்ளே வந்து மாமியார் கதை வரைக்கும் சொல்வார்கள். அதனால் முதலாளியும் அந்த வேலையை எனக்கே விட்டுவிட்டார்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக, “விக்கப் போற வீட்டுக்குக் கொறஞ்ச செலவுல என்ன கல்லு போடலாம்னு நாலு வரி எழுதிக் குடும்மா” என்று முதலாளி போன வாரம் கேட்டார். நாலு வரியில் அடங்குகிற விஷயமா இது.

2. முந்தானையால் மூக்கைப் பொத்திய அம்மாள்

செல்லையா அண்ணாச்சியின் வீடு மடவார் வளாகத்தில் இருக்கிறது. நல்ல வீடு. ஆனால் படுக்கையறை மாடியில். அவர் மனைவி பாக்கியம் அக்காவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது, ஒவ்வொரு படிக்கும் ஒரு சாமி பெயரைச் சொல்லித்தான் ஏறுவார். மகள் செட்டியார்பட்டியில் இருக்கிறாள். அவள் வீட்டை ஒட்டி, படியே இல்லாத ஒரு வீடு விலைக்கு வந்தது. அந்த வீட்டுக்காரர், “தை கடைசி வரைக்கும் பொறுக்கேன், அதுக்கு மேல வேற ஆளப் பாப்பேன்” என்று சொல்லிவிட்டார். இந்த வீடு விற்றால்தான் அந்த வீடு.

இரண்டு பார்ட்டி வந்து பார்த்தார்கள். கிணறு, மாடி, பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். குளியலறைக்குள் போன பிறகு ஆட்டின தலை நின்றுவிட்டது. துருப்பிடித்த இரண்டு கம்பியில் ஒரு வாஷ்பேசின் தொங்கிக்கொண்டிருந்தது. சுவரில் சோப்புத் தண்ணீர் வழிந்து காரை உப்பியிருந்தது. இரண்டாவதாக வந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தவர், வாசல் தாண்டும் வரை கையை எடுக்கவில்லை என்று பாக்கியம் அக்கா என்னிடம் சொன்னார். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

“நாப்பது வருசமா வெளக்குற பாத்ரூமுட்டி இது. வாடையே கெடையாது. பாக்க அப்படி இருக்கு.”

பார்க்கிற மாதிரி ஆக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்றடிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு கல்மேடை, நடுவில் வாஷ்பேசின். அவ்வளவுதான் வேலை.

3. என் மேஜைமேல் இருக்கும் வெள்ளைக் கல்

பாக்கியம் அக்காவுக்கு வெள்ளை மார்பிள்மேல் ஆசை. மதுரையில் நாத்தனார் வீட்டில் பார்த்தாராம்.

என் மேஜைமேல் ஒரு வெள்ளை மார்பிள் துண்டு எப்போதும் கிடக்கும். அதில் கட்டைவிரல் அளவுக்கு மஞ்சள் கறை. ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சளைக் குழைத்து நானே வைத்தது. சோப்பு, பவுடர், எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்தாயிற்று. எலுமிச்சம்பழம் போட்டதில் பளபளப்புதான் போனது. அந்தத் துண்டை அக்கா கையில் கொடுத்தேன். வெகுநேரம் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, மஞ்சள் தேய்த்த தன் முகத்தை ஒருமுறை தடவிக்கொண்டு, “வேண்டாம்” என்றார்.

அண்ணாச்சி கடப்பாக் கல் போடலாம் என்றார். கடப்பா மலிவு, மறுக்கவில்லை. அலமாரித் தட்டுக்கு அதைப்போல ஒன்று கிடையாது. ஆனால் அண்ணாச்சி வீட்டு போர் தண்ணீர் உப்பு. கடப்பாமேல் அது காய்ந்தால் திருநீறு பூசின மாதிரி வெளுத்துப் போகும். வீடு பார்க்க வருகிறவர்கள் என்றைக்கு வருவார்கள் என்று சொல்லிவிட்டா வருகிறார்கள்? தினமும் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்க முடியாது. மேடை கட்டி டைல்ஸ் ஒட்டலாம், அதுவும் செலவு குறைவுதான். ஆறு மாதத்தில் இடுக்கெல்லாம் கறுத்துப் போகும். விற்கிற வீடு ஆறு மாதம் விற்காமல் இருந்தால் என்ன செய்வது? பிளைவுட் அலமாரியோடு வருவது பார்க்க அழகாக இருக்கும், தண்ணீர் பட்டால் அப்பளமாகிவிடும். குவார்ட்ஸ் நல்ல பொருள்தான். ஆனால் அது இருந்து அனுபவிக்கிறவர்கள் போடவேண்டியது, விற்றுவிட்டுப் போகிறவர்கள் போடவேண்டியதில்லை.

பிள்ளைகளே, இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். விற்கிற வீட்டுக் குளியலறைக்கு எங்கள் பக்கத்தில் ஏற்றது கிரானைட் கட் பீஸ். சமையல் மேடைக்கு வெட்டி மிஞ்சின துண்டு எந்தப் பட்டறையிலும் குவிந்து கிடக்கும். முழு சிலாப் விலையில் பாதிகூட வராது. உப்புத் தண்ணீராக இருந்தால் பளபளப்பு வேண்டாம், லெதர் பினிஷ் கேளுங்கள். பிரஷ் வைத்துத் தேய்த்து மங்கலாக, தொட்டால் லேசாகச் சொரசொரவென்று இருக்கும். உப்பு படிந்தாலும் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது.

4. நான் சொல்லாமல் விட்டது

அண்ணாச்சி வீட்டு அளவுக்குக் குவியலில் துண்டு இல்லை. எல்லாம் அரையடி, முக்காலடி குறைந்தது. ஒரே ஒரு கல் மட்டும் சரியாக இருந்தது. நல்ல கறுப்பு கிரானைட், நாலடிக்கு மேல் நீளம். ஆனால் அது கல்வெட்டு.

எங்கள் பட்டறையில் திறப்பு விழாக் கல்லும் செதுக்குவோம். எங்கோ ஒரு ஊரில் பொதுக் கழிப்பிடம் கட்டி, அதற்குச் செய்த கல் இது. விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், திறந்துவைக்கிறவர் மாறிவிட்டார் என்று வேறு கல் செதுக்கச் சொல்லி, அதற்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டு, இதை இங்கேயே விட்டுப் போனார்கள். பட்டறை வாசலைக்கூடத் தாண்டாத கல்.

எழுத்துப் பக்கத்தைக் கீழே வைத்து, முதுகுப் பக்கத்தை லெதர் பினிஷ் செய்யச் சொன்னேன். முதலாளி வந்து தடவிப் பார்த்துவிட்டு, “பாகுந்தி, பாகுந்தி” என்று தெலுங்கில் மெச்சிக்கொண்டார். அடிமாட்டு விலைக்குக் கொடுக்கச் சொன்னார். இடது பக்கம் முக்காலடி வெட்டி, நடுவில் பேசினுக்கு ஓட்டை போட்டு, இரண்டு பக்கமும் கடப்பாக் கல்லைத் தாங்கலாக நிறுத்தி, சிலிகான் போட்டு மாட்டினோம். அந்த இருட்டுக் குளியலறைக்கே ஒரு கம்பீரம் வந்துவிட்டது. பாக்கியம் அக்கா கல்லைத் தடவித் தடவிச் சிரித்தார்.

“இது என்ன கல்லு?” என்று அண்ணாச்சி கேட்டார். “கட் பீஸ் அண்ணாச்சி” என்றேன். பொய் இல்லை. ஆனால் கழிப்பிடக் கல் என்று சொன்னால் பாக்கியம் அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரிந்துதான் அத்தோடு நிறுத்தினேன். யார் போய் அடியில் படுத்துப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

5. படுத்துப் பார்த்தவர்

படுத்துப் பார்த்தவர் பெயர் காளி. வீடு வாங்க வந்தது அவருடைய அக்கா முத்துலட்சுமி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா அடுப்பு நாலு வைத்து நடத்துகிறவர். முத்துலட்சுமிக்கு வீடு பிடித்துவிட்டது. குளியலறை ரொம்பவே பிடித்துவிட்டது. தாம்பாளத்தில் வெற்றிலை எல்லாம் வைத்தாயிற்று. அந்த நேரத்தில் தம்பி காளி, பைப் ஒழுகுகிறதா பார்க்கிறேன் என்று போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு பேசினுக்கு அடியில் தலையை விட்டார்.

நாங்கள் வெட்டினதில் மிஞ்சியிருந்த எழுத்து இவ்வளவுதான்: “அரசுக்குச் சொந்தமான இடத்தில் புதிதாகக் கட்டப்பட்ட.” அதற்கு அடுத்து இருந்த பொதுக் கழிப்பிடத்தையும் திறந்துவைக்கிறவர் பெயரையும் பேசின் ஓட்டை விழுங்கிவிட்டது.

காளி அடியில் கிடந்தபடியே கத்தினாராம். “யக்கா! இது பொறம்போக்கு! கல்லுலயே வெட்டி வச்சிருக்காவ!”

பத்திரத்தைக் காட்டினாலும் அவர் நம்பவில்லை. கல்லையே களவாண்டு வைத்திருக்கிறவர்கள் பத்திரத்தில் என்னென்ன செய்திருப்பார்களோ என்று கேட்டாராம். முப்பது வருஷம் டிக்கெட் கிழித்தவர், ஒரு நாளும் பையில் குறை வராதவர், அப்போதுதான் எனக்குப் போன் செய்தார்.

பட்டறைச் சாவி என்னிடம்தான் இருக்கும். வெட்டிப் போட்ட முக்காலடித் துண்டைத் தேடினேன். பாலீஷ் போடும் இடத்தில் டீ கிளாஸ் வைக்கிற பலகையாகக் கிடந்தது. கழுவித் துணிப்பையில் போட்டு, பஸ் ஏறி மடியில் வைத்துக்கொண்டேன். நல்ல கனம்.

“என்னக்கா பையில?” என்றார் கண்டக்டர்.

“கல்லு.”

“கல்ல எதுக்கு ஊர் மாத்துதிய?”

“வெட்டினத ஒட்டப் போறேன்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, லக்கேஜ் போடாமல் நகர்ந்துவிட்டார்.

6. பாவசங்கீர்த்தனம்

நான் போனபோது காளி வாசலில் பைக்கில் ஏறி உட்கார்ந்திருந்தார். முத்துலட்சுமி இன்னும் செருப்புப் போடவில்லை. பாக்கியம் அக்கா மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காததுதான் எனக்கு வலித்தது.

எல்லாரையும் குளியலறைக்குக் கூப்பிட்டேன். காளியை மறுபடியும் அடியில் படுக்கச் சொல்லி, துண்டை அவர் கையில் கொடுத்தேன். “கல்லோட ஓரத்துல சேத்து வச்சு, முதல்லருந்து வாசிங்க தம்பி.”

வெட்டின இரண்டு ஓரமும் பொருந்தின. அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“பேருந்து நிலையம் எதிரே... அரசுக்குச் சொந்தமான இடத்தில்...”

“இந்த வீட்டுக்கு எதுத்தாப்ல என்ன இருக்கு?”

“தையல்கட” என்றது பேசினுக்கு அடியிலிருந்து குரல்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எந்த வேலைக்குச் செதுக்கினது, ஏன் வேண்டாமென்று விட்டுப்போனார்கள், ஓட்டைக்குள் என்ன எழுத்துப் போனது, எல்லாம். “அண்ணாச்சி மேல ஒரு தப்பும் இல்ல. அவியளுக்குத் தெரியாது. தெரிஞ்சே மறைச்சது நான்” என்றேன்.

“கக்கூஸ் கல்லா!” என்று பாக்கியம் அக்கா நெஞ்சில் கை வைத்தார்.

முத்துலட்சுமி சிரிக்கவில்லை. என்னையும் அண்ணாச்சியையும் மாறிமாறிப் பார்த்தார். “சரிக்கா. இந்த வீட்டுல வேற என்னத்த மறைச்சிருக்கியளோ, இப்பவே சொல்லிருங்க.”

செல்லையா அண்ணாச்சி பின்னறைக்குப் போய், சுவரில் மாட்டியிருந்த பெரிய காலண்டரைக் கழற்றினார். பின்னால் ஒரு முழத்துக்கு விரிசல். “மழைக்கு லேசாக் கசியும்” என்றார். பாக்கியம் அக்காவுக்கும் தைரியம் வந்துவிட்டது. “மோட்டாரு மூணு தடவ போட்டாத்தான் ஒரு தடவ ஓடும். மாடி ஜன்னல்ல கொக்கி கெடையாது, நூல் கட்டியிருக்கேன்.” காளிகூட அடியிலிருந்து எழுந்து வந்து, “அக்கா, நானும் ஒண்ணு சொல்லணும். உன் ஸ்கூட்டியக் கீறினது நாந்தான்” என்றார்.

நாங்கள் கோயிலில் இதைப் பாவசங்கீர்த்தனம் என்போம். கூண்டுக்குள் சாமியாரிடம் தனியாகச் சொல்லுவோம். ஒரு வீடே சேர்ந்து நின்று சொன்னதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முத்துலட்சுமி அப்போதுதான் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “நான் பாத்த அஞ்சு வீட்டுல ஒருத்தரும் ஒரு கொறை சொல்லல. விரிசல நான் பூசிக்கிடுதேன். மோட்டார மாத்திக்கிடுதேன். கல்லு அப்படியே இருக்கட்டும், அது எந்தக் கக்கூசுலயும் வைக்காத கல்லுதான?” என்றவர், தாம்பாளத்தை எடுத்து வரச் சொன்னார்.

பாக்கியம் அக்கா என்னைப் பார்த்தார். காப்பி முதலில் எனக்கு வந்தது.

பால் காய்ச்சின அன்றைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். குளியலறைக் கதவில் முத்துலட்சுமி ஒரு சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்தார். “பாவம், இந்தக் கல்லுக்கு இன்னும் தெறப்பு விழாவே நடக்கலல்லா” என்று கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தார். வெட்டினேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

7. செட்டியார்பட்டி

தை முடிய நாலு நாள் இருக்கும்போது பாக்கியம் அக்கா செட்டியார்பட்டிக்குக் குடிபோனார். வாசலில்கூடப் படி இல்லாத வீடு. போன மாதம் அந்த வீட்டுக் குளியலறைக்கும் ஒரு கல்மேடை வேண்டும் என்று பட்டறைக்கு வந்தார். மலிவாக, கட் பீஸே போதும் என்றார்.

இப்போதெல்லாம் எந்தக் கல்லையும் ஆள் வைத்துப் புரட்டி, முதுகைக் காட்டிவிட்டுத்தான் விலை சொல்கிறேன். சில பேர் முகம் சுளித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். போகட்டும். ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகச் செருப்பு மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன்.

அக்காவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டை எடுத்து நிறுத்தினேன். அழகாகத்தான் இருந்தது. அக்கா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“ஏட்டி, மொதல்ல அதப் பெரட்டு.”

புரட்டிக் காட்டினேன். வெறும் கல். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை உற்றுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னட்டி, ஒண்ணுமே எழுதலையா?” என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.