மடுவுக்கு மேலே கவிழ்ந்த டியூப்கள்

அக்காவின் கணவருக்குத் திருத்தணியில் பங்க்சர் கடை. நாங்கள் அவரைப் பாவா என்போம். ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய லாரி டியூப் நான்கில் காற்றடித்து லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஆந்திர எல்லை தாண்டி நகரிப் பக்க மலையில் ஓடை ஓடுகிறது, மிதக்கலாம் என்றார். மனைவி புளிச்சோறு கட்டினாள்.

ஓடை பாறைகளுக்கிடையே சுழித்து இறங்கி ஒரு மடுவில் விழுந்தது. அக்காவை மேலே கரையில் உட்காரவைத்துவிட்டு, பாவா முன்னால் போய் மடுவோரம் நின்றார். என் மகளுக்கு அப்போது பத்து வயது, அக்கா மகனுக்கு ஆறு. இருவர் டியூபிலும் நைலான் கயிறு கட்டி, வலக்கையில் மகளின் கயிற்றையும் இடக்கையில் அவன் கயிற்றையும் பிடித்தபடி நான் நடுவில் மிதந்தேன்.

மூன்று முறை இறங்கினோம். நான்காவது முறைக்குள் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கிவிட்டது. மேலே எங்கோ மழை. எனக்குத் தெரிந்தது. மகள், "இன்னும் ஒரே ஒரு தபா நைனா" என்று கெஞ்சினாள். சரி என்றேன்.

பாறை இடுக்கில் இரண்டு டியூபும் மோதிக் கவிழ்ந்தன. நான் குதித்துக் காலூன்றினேன். மார்பளவு தண்ணீர். மகளின் டியூப் முடிச்சவிழ்ந்து போய்விட்டது. அவள் கயிற்றின் நுனியைப் பற்றித் தொங்கினாள். பையன் தன் டியூபுக்கு அடியில் மாட்டியிருந்தான். ஒரு பாதம் மட்டும் வெளியே உதைத்தது. பாறையில் சிக்கிய அந்த டியூபைத் தூக்க இரண்டு கையும் வேண்டும்.

"நைனா!" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே வலக்கையைத் திறந்தேன்.

அவனை இழுத்துக் கரையில் போட்டபோது கீழே பாவா அவள் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்.

ஓடிவந்த அக்கா என் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எம் புள்ளைய நீதான்டா திருப்பிக் குடுத்த." துண்டைப் போர்த்திக்கொண்டு மகள் புளிச்சோறு தின்றாள். என் பக்கம் பார்க்கவில்லை. திரும்பும்போது ஆட்டோவில் பாவா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அதன்பின் யாரும் அதைப் பேசவில்லை. குழாயில் தண்ணீர் வேகமாகக் கொட்டினால் எனக்கு அந்தக் குரல் கேட்கும். மூடிவிட்டாலும் சற்றுநேரம் நிற்காது. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மலைப்படி ஏறும்போது அவள் கையைப் பிடிப்பேன். "வலிக்குது நைனா, வுடு" என்பாள். விடமாட்டேன்.

இப்போது அவள் அரக்கோணத்தில் கல்லூரி முடிக்கப்போகிறாள். போன மாதம் ஒரு காலையில், மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவளிடம் கேட்டேவிட்டேன்.

"அன்னிக்கு ஓடையில நடந்தது ஞாபகம் இருக்காம்மா?"

"ஆங்."

"அந்தக் கயிறு..."

"நான்தான் நைனா வுட்டேன். கை வழுக்கிச்சி."

ஈரப் பாவாடையை உதறிக் கொடியில் போட்டாள். நான் கையைத் திறந்தபோது கயிறு அவள் எடையில் விறைத்து நின்றது. வழுக்கி விட்டிருந்தால் தளர்ந்திருக்கும். அவளுக்கும் அது தெரியாமலா இருக்கும்?

"கிளிப் எடுத்துக் குடு நைனா, காத்தடிக்குது" என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.