கம்பியில் இடித்த புகைக்குழல்

நனைந்த கதம்பை புகையும் மணம் வந்தால், கண் எரிவதற்கு முன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். தேங்காய் உரித்துப் போட்ட கதம்பையைத்தான் சொல்கிறேன். யாரோ கொசு விரட்ட முற்றத்தில் மூட்டியிருப்பார்கள். எனக்கோ பட்டு வேட்டியும் கரி அப்பிய கையுமாக ரயில் எஞ்சினுக்குத் தீ போட்ட அந்தப் பகல் புரண்டு எழுந்து வரும்.

எஞ்சின் என்றால், டெம்போ. அக்காவின் கணவர், என் அத்தான், மகள் கல்யாணத்துக்காக ஒரு டெம்போவை நீராவி எஞ்சினாக்கியிருந்தார். எண்ணெய் டிரம் இரண்டைப் படுக்க வைத்துக் கறுப்படித்து, மேலே தகரத்தில் ஆள் உயரப் புகைக்குழல். பின்னால் பொண்ணும் மாப்பிள்ளையும் உட்கார சோபா. கூவுவதற்குத் தனியாக ஏற்பாடு இல்லை. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து அத்தானே வாயால் கூவினார்.

அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். நீராவி வண்டியில் ஒருதடவைகூட ஏறியதில்லை. எந்த ரயிலில் ஏறினாலும் வாந்தி எடுப்பார். ஆனாலும் காலையில் பாறசாலை ஸ்டேஷனில் போய் நின்று கரண்டு எஞ்சினைப் பார்த்து உதட்டைச் சுழிப்பார். “மூச்சு விடாத்த சாதனத்துக்கு எஞ்சின்னு பேரா மக்கா? மத்தது கரி தின்னும், தண்ணி குடிக்கும், மேட்டுல ஏறினா இளைக்கும். மனுசன் மாதிரியாக்கும்.” நானும் ஒத்து ஊதினேன். கறுத்து வியர்த்து, பெருமூச்சு விட்டுக்கொண்டு, தன் வயிற்றுத் தீயாலேயே நகர்கிற ஒரு மிருகம்; கவிதை எழுதுகிறவன் வேறு என்ன செய்வான்? ஒத்து ஊதியவனுக்கே தீ போடும் வேலையும் கிடைத்தது.

பக்கத்தில் செங்கல் என்கிற ஊரில் தாலிகட்டு. மாப்பிள்ளை வீடு பாறசாலை ஸ்டேஷனுக்கு நேர் பின்னால். ராகுகாலத்துக்கு முன்னால் பொண்ணு வலது காலை வைத்து உள்ளே ஏறிவிடணும் என்று மாப்பிள்ளையின் அம்மை போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ரயில்வே கேட்டு வரைக்கும் பட்டணப் பிரவேசம்தான். சாயாக்கடையில் இருந்தவர்கள் கிளாசோடு எழுந்து நின்றார்கள். நான் கதம்பையைத் திணித்தேன், அத்தான் கூவினார்.

ணங்.

தண்டவாளத்துக்கு மேலே கரண்டு கம்பி ஓடுகிறது. உயரமான லாரி அதில் தட்டாமல் இருக்க, கேட்டுக்கு முன்னாலேயே ரோட்டின் குறுக்கே ஒரு இரும்புக்கம்பி நிறுத்தியிருக்கிறார்கள். வருஷக்கணக்காக அதன் அடியில்தான் போகிறோம், வருகிறோம். குழலை அளக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கேட்டுக் காவலுக்கு இருந்த பெண் பச்சைக்கொடியோடு ஓடி வந்தாள். “சாரே, ஈ குழலு வெட்டாதெ விடத்தில்ல. தீயும் கெடுத்தணும்.” குழலை வெட்டாமல் விடமாட்டாளாம், தீயையும் அணைக்கணுமாம்.

“குழல வெட்டினா இது டெம்போ ஆயிப்போவும்,” என்றார் அத்தான்.

“சாரே, இது டெம்போ தன்னெ.”

அத்தான் முகம் செத்துப்போனது. பின்னால் கல்யாண வேன்கள் நெருக்கியடித்து நின்றன, திருப்பவும் வழியில்லை. வேனிலிருந்து அக்கா இறங்கி வந்தாள். “உங்களுக்குக் குழல் பெருசா, பிள்ள பெருசா?” இதற்கு ஒரு மனுஷன் யோசிக்கலாமா? அத்தான் யோசித்தார். டிரைவர் ஆக்ஸா பிளேடோடு மேலே ஏறினான். அத்தான் பாய்ந்துபோய்க் குழலைக் கட்டிப்பிடித்து, சூடு பொறுக்காமல் விட்டு, துண்டைச் சுற்றி மறுபடியும் கட்டிப்பிடித்தார். நானோ, தண்ணீர் ஊற்ற ஊற்றக் கூடுதலாகப் புகையும் கதம்பையோடு மல்லுக்கட்டினேன்.

அதற்குள் மணி அடித்துக் கேட்டும் விழுந்துவிட்டது. பாறசாலை பக்கம் போகும் பாசஞ்சர் வண்டி வந்து, சிக்னல் கிடைக்காமல் ரோட்டை மறித்துக்கொண்டு நின்றது. ஜன்னலுக்கு ஜன்னல் மொபைல்கள். வாசல்படியில் மீன்கூடையோடு நின்ற கிழவர், எங்கள் எஞ்சின் எங்கே போகிறது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். “இது எவிடத்தேக்கா?”

“பாறசாலை,” என்றேன் இருமிக்கொண்டே.

“ஞங்ஙளும் அங்கோட்டு தன்னெ!”

வண்டி முழுக்கச் சிரித்தது. சோபாவில் இருந்த கல்யாணப்பொண்ணு மட்டும் சிரிக்கவில்லை. வண்டியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அப்பா கட்டிப்பிடித்திருந்ததையும் பார்த்தாள். “மாமா, கையக் குடுங்க,” என்று என் கரிக்கையைப் பிடித்துக் குதித்தாள். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாப்பிள்ளையையும் இழுத்து, கேட்டுக்கு அடியில் குனிந்து நுழைந்துவிட்டாள்.

“அய்யோ கொச்சே!” என்று கேட்டுக்காரி தலையில் கை வைத்தாள். கிழவர் கூடையைத் தள்ளி வைத்துக் கை கொடுக்க, யார்யாரோ சேர்ந்து தூக்க, மாலையும் கழுத்துமாக ரெண்டு பேரும் உள்ளே ஏறினார்கள்.

அத்தான் குழலை விடாமலே கத்தினார். ஆபீஸ் மனுஷன் அல்லவா? “டிக்கட் எடுக்கல்லியே மக்களே!”

“ஸ்டேஷன்ல ஃபைன் கெட்டிக்கிடலாம் மாமா, வீடு அங்கதான உண்டு!” என்றான் மாப்பிள்ளை.

வண்டி ஒரு பெருமூச்சுகூட விடாமல், கறுப்பு ஏதும் கக்காமல், வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் எட்டிப் பார்த்தாள்.

“வாறேன் அப்பா. குழல வெட்டாண்டாம், கேட்டேளா?”