எட்டாம் நாள், நாலு மணி

போன மாதம் எங்கள் தெரு முனையில் திடீரென்று ஒரு ஃப்ளெக்ஸ் முளைத்தது. 'மகளிர் நலவாழ்வு வாரம்! யோகா, ஜும்பா, ஸ்கிப்பிங், தற்காப்பு... ஏழு நாளும் இலவசம். பெண்களே, வாரீர்!'

நின்று அதிலிருந்த முகங்களை எண்ணினேன். எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. மொத்தம் பதினொரு ஆண்கள். கும்பிட்டபடி சிலர், செல்போனில் பேசியபடி ஒருத்தர். பெண்? ஒரே ஒருத்தி. இடது மூலையில், இறுக்கமான உடையில், ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் இன்டர்நெட்டிலிருந்து இறக்கிய வெள்ளைக்காரி. முதலியார்பேட்டையை அவள் கனவில்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

சரி, போகட்டும். கீழே நேரம் போட்டிருந்தார்கள் — காலை ஆறு மணி.

ஆறு மணிக்கு எந்த வீட்டில் எந்தப் பெண் சும்மா இருக்கிறாள்? குக்கர் இரண்டாவது விசிலில் இருக்கும். டிபன் பாக்ஸ் கிடைத்திருக்கும், மூடி கிடைத்திருக்காது. எழுப்பிவிட்ட பிள்ளை மறுபடி படுத்திருக்கும். இந்த நேரத்தைக் குறித்த மகானுபாவர் யார்?

விமலாவிடம் கேட்டேன். எங்கள் பகுதி நலச் சங்கத்தின் மகளிர் பிரிவுச் செயலாளர் அவள்தான். பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். நல்ல பெண்.

"கமிட்டியில முடிவு பண்ணாங்க மேடம்."

"கமிட்டியில எத்தனை பொம்பளைங்க?"

"நான் இருக்கேன்ல..." என்று சிரித்தாள். அன்றைக்கு டீ வாங்கிவரப் போயிருந்தாளாம். அதற்குள் நேரம் குறித்துவிட்டார்கள்.

முதல் நாள் யோகாவுக்கு எங்கள் பகுதி மைதானத்துக்குப் போனேன். பயிற்சி தர வந்த நித்யா என்ற இளம்பெண், விமலா, ஒரு ரிட்டயர்டு டீச்சர், நான். நான்கே பேர். எங்களைச் சுற்றி வாக்கிங் போன ஆண்கள் பதினைந்து பேர். நான் பாயில் குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தருடைய பெர்முடாஸ்தான் கண்ணில் பட்டது.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அஞ்சலை மடக்கினாள். அஞ்சலை எங்கள் தெருவில் மீன் விற்பவள். பக்கத்துக் குப்பத்தில் வீடு. வயதிலும் உரிமையிலும் எனக்குத் தங்கச்சி.

"என்னாக்கா, எக்சைஸ் பண்ணிட்டு வர்றியா? எங்களுக்கெல்லாம் கிடையாதா அது?"

"எல்லாருக்கும்தான். நீ ஏன் வரலை?"

"ஆறு மணிக்கு நான் ஏலத்துல நிக்கறேன்க்கா. அதை உட்டுட்டு ஒத்தக் கால்ல நின்னா, சங்கரா மீனு தானா நடந்து வருமா?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மீனை நறுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். பெரியாஸ்பத்திரியில் சர்க்கரை பார்த்திருக்கிறார்கள். ரொம்ப அதிகம். மாத்திரை கூட்டிக் கொடுத்த டாக்டரம்மா, தினமும் ஒரு மணி நேரம் உடம்பை அசைக்கணும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

"நீதான் உழைக்கிற உடம்பாச்சே!" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

"கூடை சுமந்ததெல்லாம் அந்தக் காலம்க்கா. இப்ப மீனும் ஆட்டோல வருது, நானும் ஆட்டோல வர்றேன். காலையில இந்தப் பலகையில உக்காந்தா ஒரு மணிக்குத்தான் எந்திரிக்கறேன். எங்கம்மாவுக்கு இதே சுகருலதான் காலை எடுத்தாங்க. முட்டிக்குக் கீழ. அவங்களுக்கு ஏழு வருஷம் பீ மூத்திரம் அள்ளனது நானு. எனக்கு அள்ள ஆளு இல்லக்கா. ரெண்டும் பையனுங்க."

 "தெருவிலேயே நடக்கலாமே அஞ்சலை?" என்றேன்.

"நடந்தேனே! ஒரு வாரம் நடந்தேன். 'எங்க போற, எங்க போற'ன்னு கேட்டே சாவடிச்சிட்டாங்க. அப்புறம் கையில ஒயர் கூடைய எடுத்துக்கினு நடந்தேன். ஒருத்தரும் கேக்கல."

கவனித்துப் பாருங்கள், இது நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கையில் பை இல்லாமல் ஒரு பெண் தெருவில் நடந்தால் ஊருக்கே வயிறு கலங்குகிறது. பை இருந்தால் சரி — காய் வாங்கப் போகிறாள், மாவு வாங்கப் போகிறாள். வீட்டுக்காகப் போகிறாள். வெறும் கை என்றால் தனக்காகப் போகிறாள். அதை எப்படி அனுமதிப்பது?

"நாலு மணிக்கு வைக்கச் சொல்லுக்கா" என்றாள் அஞ்சலை. "சோறு ஆக்கி, பாத்திரம் கழுவி, எல்லாம் முடிஞ்சிருக்கும். நாலுல இருந்து அஞ்சு. அந்த ஒரு மணி நேரம்தான் எங்களுது."

விமலாவிடம் சொன்னேன். அவள் கமிட்டியைக் கேட்காமலேயே மாற்றிவிட்டாள்! வாட்ஸப்பில் ஒரே ஒரு வரி: 'நாளை முதல் மாலை நாலு மணி.' அவளுக்குள் இப்படி ஒரு ஆள் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் நாலு மணிக்கு அந்த மைதானத்தில் பெத்தாங்க் நடக்கும். வெளியூர் வாசகர்களுக்காக: பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ஆட்டம் அது. ஒரு குட்டி மரக்குண்டை வீசிவிட்டு, யாருடைய இரும்புக் குண்டு அதன் பக்கத்தில் போய் நிற்கிறது என்று குனிந்து அளந்து சண்டை போடுவார்கள். எங்கள் மைதானத்தில் ஆடுபவர்கள் எல்லாரும் ரிட்டயர்டு ஆண்கள். தலைவர் மாதிரி இருப்பவர் அந்துவான் முசியே, அதாவது அந்துவான் ஐயா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். சட்டையை இன் பண்ணாமல் வெளியே வரமாட்டார்.

"ஒரு வாரம்தானே மதாம்? தாராளமா ஆடுங்க" என்று தொப்பியைத் தூக்கி இடம் கொடுத்தார். மரியாதைக்காரர். ஆனால் அந்த 'ஒரு வாரம்தானே' எனக்குள் லேசாக உறுத்தியது.

இரண்டாம் நாள் நாற்பது பேர் வந்தார்கள். ட்ராக் பேன்ட் கட்டாயம் என்று ஃப்ளெக்ஸில் போட்டிருந்ததை ஒருத்தர்கூட மதிக்கவில்லை. நைட்டி மேலே துண்டு, இடுப்பில் செருகிய புடவை, பையனின் பழைய ஃபுட்பால் பனியன்... ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு பை! நித்யா பயந்துபோய், "ஆன்ட்டி, பை எல்லாம் எதுக்கு?" என்று கேட்டாள். எல்லாரும் வேலியோரம் வரிசையாகப் பைகளை மாட்டிவிட்டு வந்து நின்றார்கள்.

அன்றைக்கு ஜும்பா. குத்துப் பாட்டு ஆரம்பித்தது. முதல் ஐந்து நிமிஷம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பு. அப்புறம் ஆடினார்கள் பாருங்கள்! ரிட்டயர்டு டீச்சர் கண்ணாடியைக் கழற்றி ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு ஆடினார். அஞ்சலைக்கு இடது என்றால் வலது, வலது என்றால் இடது. அதனால் என்ன? வியர்வை ஒழுக, மூச்சு வாங்க, பல்லெல்லாம் தெரிய நின்றாள். இருபது வருஷமாக எனக்கு மீன் தந்தவளின் அந்த முகத்தை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

நாலாம் நாள் தற்காப்புப் பயிற்சி. கையை வீசும்போது அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும் என்றாள் நித்யா. நாற்பது பேரும் 'ஹூம்' என்று முனகினோம். நான் உட்பட. எழுத்தில் எவ்வளவு கத்தியிருக்கிறேன்! நேரில் தொண்டையைத் திறக்கச் சொன்னால் வெட்கமாக இருந்தது. அஞ்சலை மட்டும் ஒரு கத்து கத்தினாள். மூன்று தெருவுக்குக் கேட்கும்படி மீன் கூவிய தொண்டை ஆயிற்றே! வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த பெத்தாங்க் கோஷ்டி அப்படியே திரும்பிப் பார்த்தது.

"எட்டாம் நாள் என்னா பண்றது?" என்று விமலாவிடம் அஞ்சலை கேட்டது அன்று சாயங்காலம்தான்.

"கவலைப்படாதீங்கக்கா. நிறைவு விழாவுக்குத் தலைவர் வர்றாரு. நாலுல இருந்து அஞ்சு வரைக்கும் கிரவுண்டு பெண்களுக்குன்னு மேடையிலயே அறிவிச்சிடறேன்னு வாக்குக் கொடுத்திருக்காரு."

தலைவர் யார் என்று கேட்காதீர்கள். ஃப்ளெக்ஸில் பெரிய போட்டோ அவருடையது. அவ்வளவு போதும்.

ஏழாம் நாள் வந்தது. மைதானத்தில் பந்தல், மேடை, சிவப்புத் துணி போட்ட நாற்காலிகள். கமிட்டியிலிருந்து உத்தரவு — எல்லாரும் பட்டுப்புடவையில் வரணும், வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்கணும். உடற்பயிற்சி வாரத்தின் நிறைவு விழா, கையைத் தூக்கக்கூட முடியாத உடுப்பில்! ஆறு நாள் ஆடியதைச் செய்து காட்டுவது எல்லாம் தலைவர் பேசிய பிறகு, 'நேரம் இருந்தால்'.

நாலு மணிக்கு நின்றோம். நாலரை. ஐந்து. அஞ்சலை கையில் ஆரத்தித் தட்டு, என் கையில் பன்னீர்ச் செம்பு. "இதோ வந்துட்டாரு, நெல்லித்தோப்புகிட்ட வந்துட்டாரு" என்று நாலரைக்கே சொன்னார் கமிட்டிக்காரர். ஐந்தரைக்கும் நெல்லித்தோப்புதான். அங்கிருந்து எங்கள் மைதானத்துக்கு ஒரு மணி நேரமாகவா வருவார்கள்? தவழ்ந்து வந்தால்கூட வந்திருக்கலாம்.

அஞ்சலையின் கால் வீங்கியிருந்தது. மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள். எனக்குக் கோபம் பொங்கியது. ஆனால் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. வாராவாரம் உங்களிடம் வீரம் பேசுகிற நான், ஒன்றரை மணி நேரமாகப் பன்னீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போதுகூடக் கூச்சமாக இருக்கிறது.

அஞ்சலைதான் தட்டை வைத்தாள். கோபமாக எறியவில்லை. பத்திரமாக ஒரு சிவப்பு நாற்காலியின் மேல் வைத்தாள். பட்டுப்புடவையை முழங்காலுக்குத் தூக்கி இடுப்பில் செருகினாள்.

"பாட்டு போடு பாப்பா" என்றாள் நித்யாவிடம்.

கமிட்டிக்காரர் ஓடி வந்தார். "யம்மா, யம்மா! தலைவர் வந்தப்புறம்தான்!"

"சுகரு எனக்கா, அவருக்கா?"

நித்யா விமலாவைப் பார்த்தாள். விமலா கமிட்டிக்காரரைப் பார்த்தாள். ஒரு நொடிதான். "போடு நித்யா" என்றாள்.

செம்பைக் கீழே வைத்துவிட்டு நானும் போனேன். நாற்பது பட்டுப்புடவைகளும் போயின. நாங்கள் மூன்றாவது பாட்டில் இருந்தபோது தலைவரின் கார் வந்தது. வரவேற்க ஆளில்லை, கற்பூரம் ஏற்றாமலே கிடந்தது. நித்யா பாட்டை நிறுத்தப் போனாள். "முடியட்டும்" என்று பத்துக் குரல். தலைவர் மேடையில் தனியாக உட்கார்ந்து, முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்காக அவர் காத்திருந்தது அந்த ஆறு நிமிஷம்தான்.

பிறகு பேசினார். பெண்கள் நாட்டின் கண்கள் என்றார். தாய் என்றார், தெய்வம் என்றார். சால்வை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். மைதானம் பற்றி? ஒரு வார்த்தை கிடையாது.

விமலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அறிவிக்கவே இல்லையேக்கா... நாமதான் கெடுத்துக்கிட்டோமோ?"

அஞ்சலை புடவையை இறக்கிவிட்டுக்கொண்டே கேட்டாள். "அவரு சொல்லலன்னா, நாளைக்கு நாலு மணி வராதா?"

எட்டாம் நாள், திங்கட்கிழமை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் போகத் தயக்கம். ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டார்கள், பந்தலைப் பிரித்துவிட்டார்கள். எந்த முகத்தோடு போய் நிற்பது? ஆனாலும் போனேன். பெத்தாங்க் கோஷ்டி கோடு போட்டு ஆட்டத்தை ஆரம்பித்திருந்தது. எதிரே அஞ்சலை, விமலா, டீச்சர், இன்னும் ஒரு பன்னிரண்டு பேர். நித்யா இல்லை, ஸ்பீக்கர் இல்லை. விமலாவின் செல்போன் மட்டும்.

அந்துவான் முசியே தொப்பியைத் தூக்கினார். "வாரம் முடிஞ்சுதே மதாம்?"

"முடிஞ்சுது முசியே" என்றாள் அஞ்சலை. "நாங்க வந்துட்டோம்."

"பெர்மிசியோன் இருக்கா? யார் கொடுத்தா?"

"உங்களுக்கு யாரு கொடுத்தா?"

அவர் கையிலிருந்த குண்டைத் துண்டால் துடைத்தார். பாவம், முப்பது வருஷமாக அவரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. சண்டை வரும் என்றே நினைத்தேன். மற்ற ஆண்கள் குண்டும் கையுமாகச் சும்மா நின்றார்கள். ஒரு வாரம் பொறுத்தவர்களுக்கு எட்டாம் நாளைப் பொறுக்க முடியவில்லை என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"சரி, எத்தனை நாளைக்கு?" என்றார் முசியே கடைசியில்.

"எனக்குக் கால் இருக்கற வரைக்கும்."

அவர் அவள் காலைப் பார்த்தார். பிறகு குட்டி மரக்குண்டைக் குனிந்து பொறுக்கிக்கொண்டு, மதில் ஓரமாக நடந்தார். அவர் கோஷ்டி முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனது. முழு மைதானம் இல்லை, பாதிதான். நன்றி சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அஞ்சலை என் கையை அழுத்திவிட்டாள்.

மூன்று வாரமாகிறது. மழை வந்த அன்றும் போனோம். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 'பொம்பளைங்க ஆட்டம்' என்று கமிட்டியில் புகார் போயிருக்கிறதாம். வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

பத்தியின் முடிவில் ஒரு நல்ல கருத்து வேண்டும் என்பார் எங்கள் பத்திரிகை ஆசிரியர். மணி மூன்றே முக்கால்... கருத்தை அவரே எழுதிக்கொள்ளட்டும், நான் கிளம்புகிறேன்.