துரையின் படகை வாங்கிய அத்தான்

என் அக்காவின் கணவருக்குக் கடலில் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: வேகம். ஈப்போவில் அவருக்கு லாரிகள் இருந்தன, கடலோர லூமுட்டில் ஒரு மோட்டார் போட் இருந்தது. லாரிகளை டிரைவர்கள் ஓட்டினார்கள், போட்டை அவரே ஓட்டினார். பங்கோர் தீவுக்குப் போகும் பயணிகள் படகுகளுக்குக் குறுக்கே வெட்டிக்கொண்டு பாய்வார். அலையில் நனைந்த பெண்கள் திட்டுவதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கையசைப்பார். நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். ஈப்போவில் ஒரு பட்டறையில் டீசல் இன்ஜின் பழுது பார்ப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தானுக்கு இலவச மெக்கானிக்.

எழுபதுகளின் கடைசியில் அவருடைய முதுகு தகராறு செய்ய ஆரம்பித்தது. அந்தப் போட் அலைமேல் எகிறி எகிறி விழும். விழுகிற ஒவ்வொரு அடியும் அவர் இடுப்பில் இறங்கியிருந்தது. ஒரு நாள் அவரால் போட்டிலிருந்து ஜெட்டியில், அந்தப் படகுத்துறை மேடையில், ஏற முடியவில்லை. நானும் அக்காவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், இனி அந்தப் போட்டில் கால் வைக்கவே கூடாது என்றார். கடல் இல்லாமல் முடியாது என்றால், மெதுவாகப் போகிற எதிலாவது போங்கள் என்றார்.

'மெதுவாக' என்ற சொல் அத்தான் காதில் விழவே இல்லை. பாய்மரப் படகு வாங்குவது என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். படகுகளைப் பற்றிய பழைய ஆங்கில இதழ்களை எங்கிருந்தோ அள்ளி வந்தார். அவருக்கு ஆங்கிலம் தலைப்பு வரைக்கும்தான் ஓடும். இருந்தாலும் படங்களைப் பார்த்தே ஒரு மாதத்தில் நிபுணராகிவிட்டார். போன மாதம்வரை தானும் அப்படித்தான் இருந்தார் என்பதை மறந்து, மோட்டார் போட் வைத்திருப்பவர்களை "சத்தக்காரனுங்க" என்று சொல்லத் தொடங்கினார்.

முதலில் பார்த்த படகு ஒரு துரையுடையது. சுங்காய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் மானேஜராக இருந்து, ஓய்வு பெற்றுத் தன் நாட்டுக்குத் திரும்பவிருந்த வெள்ளைக்காரர். நாங்கள் மூவருமே அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள்தான். அத்தானின் அப்பா ஒரு துரையின் பங்களாவில் புல் வெட்டியவர். அத்தான் அதை யாரிடமும் சொன்னதில்லை. அக்காதான் எனக்குச் சொன்னாள்.

படகு அழகாக இருந்தது, அதை மறுக்க முடியாது. வெள்ளையாக, ஒல்லியாக, பந்தயம் ஓடுவதற்கென்றே கட்டியது. துரை அத்தானுடன் கை குலுக்கினார். எனக்குத் தலையசைத்தார். அக்காவைப் பார்த்து மட்டும், தோட்டத்தில் பழகிய தமிழில், "செருப்பு கழட்டு" என்றார். அவள் ஏற்கெனவே கழற்றிக் கையில்தான் வைத்திருந்தாள். அத்தான் சிரித்தார்.

உள்ளே குனிந்துதான் நடக்க வேண்டும். படுக்கை ஓர் ஆள் புரண்டு படுக்கக்கூடக் காணாது. அடுப்பு வைக்க வேண்டிய இடத்தில் ஈரமான பாய் மூட்டைகள் கிடந்தன. மேல் தளத்தில் ஒரு கைக்குட்டை அளவுக்குக்கூட நிழல் இல்லை.

"தோட்டத்து லயத்து வீட்டுலகூட நிமிந்து நின்னோம்," என்றாள் அக்கா, மேலே ஏறி வந்து.

"ஒனக்கு என்னா தெரியும் லா? இது ரேஸ் ஓடுற போட்."

"நீங்க ரேஸ் ஓடப் போறீங்களா? முதுகு வலின்னுதான போட்டயே மாத்துறோம்?"

அத்தான் பாய்மரத்தைத் தட்டிக்கொடுத்தார்.

நான் இன்ஜின் பெட்டியைத் திறந்தேன். சின்ன டீசல் இன்ஜின். துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன், அசையவில்லை. நான் பார்த்ததைத் துரையும் பார்த்தார், உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்ஜின் எப்படி மச்சான்?" என்றார் அத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "பாய் போட்ல இன்ஜின் எதுக்கு? சும்மா பேருக்குத்தான்" என்று முடித்தார். நான் மூடியைச் சாத்தினேன். சொல்லியிருக்கலாம். செருப்பு விஷயத்தில் அத்தான் சிரித்த அந்தச் சிரிப்பு காதில் இருந்ததால் சொல்லவில்லை.

இரண்டாவது படகு ஈப்போவில் பல் டாக்டராக இருந்த ஒரு சீனருடையது. பிள்ளைகளோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோக இருந்தார். அகலமான, கனமான படகு. முன்னும் பின்னும் மழுங்கலாக இருக்கும். உட்காரும் இடத்துக்கு மேல் கித்தான் கூரை. அத்தான் ஜெட்டியிலேயே நின்றுகொண்டு, "குளிக்கிற தொட்டி மாதிரி இருக்கு" என்றார். அக்கா இறங்கிப் போனாள். டாக்டரின் மனைவி அவளுக்கு எல்லாவற்றையும் காட்டினார். படகு சாய்ந்தாலும் பாத்திரம் கவிழாமல் கூடவே ஆடிக்கொடுக்கும் அடுப்பு, தலைக்கு மேல் திறக்கும் காற்று ஜன்னல்கள், தூங்குகிறவர் உருண்டு விழாமல் பிடித்துக்கொள்ளும் துணித்தடுப்பு. அக்கா படுக்கையில் படுத்து, வலப்பக்கம் ஒரு முறை, இடப்பக்கம் ஒரு முறை புரண்டு பார்த்தாள். சேறும் திட்டும் உள்ள லூமுட் ஆற்று முகத்துக்குள் போக எவ்வளவு ஆழம் வேண்டும் என்று கேட்டாள். இன்ஜினை ஓட்டிக் காட்டச் சொன்னாள். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

அத்தான் இதழ்களில் ஒரு வருஷம் தேடினாலும் அந்தக் கேள்விகள் அவருக்குக் கிடைத்திருக்காது. அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ஜெட்டியில் நிற்கிறவன் பார்த்தால் என்ன நினைப்பான்? துரையின் படகை வாங்கினார்.

முதல் ஞாயிறு மூவரும் பங்கோருக்குக் கிளம்பினோம். அத்தான் வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார். அரை மணி நேரம் நல்ல காற்று. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு ஓடியது. சாய்ந்த படகில் எங்கே உட்காருவது என்று தெரியாமல், "பயப்படாதீங்க" என்று எங்களுக்குத் தைரியம் சொன்னார். யாரும் பயப்படவில்லை. பிறகு காற்று நின்றது. வெயில் தலையில் இறங்கியது. அக்கா, தான் கொண்டுவந்த சேலையைக் கட்டி நிழல் பண்ணலாம் என்றாள். "அசிங்கமா இருக்கும்" என்றார் அத்தான். நீரோட்டம் எங்களை மெல்லப் பாறைகளின் பக்கம் தள்ளத் தொடங்கியதும்தான் அவருக்கு இன்ஜின் ஞாபகம் வந்தது.

"மச்சான், இன்ஜின ஸ்டார்ட் பண்ணு."

"அது செத்துருக்கு அத்தான்."

"எப்பலேருந்து?"

"நீங்க வாங்குறதுக்கு முன்னாலேருந்து."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது. பேச நேரமில்லை. சுமத்ரா பக்கமிருந்து வானம் கறுத்து, மழைக்காற்று ஒரே மூச்சில் வந்து அடித்தது. படகு படுத்தேவிட்டது. அத்தான் உள்ளே விழுந்து, பாய் மூட்டைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, "என் முதுகு, என் முதுகு" என்று முனகினார். அக்கா சுக்கானைப் பிடித்தாள். எங்கே கற்றாள் என்று கேட்காதீர்கள், எங்கும் கற்கவில்லை. "படகு எந்தப் பக்கம் திமிறுதுன்னு கையில தெரியுது. நீ பாய எறக்கு," என்றாள். நான் கயிறுகளோடு மல்லுக்கட்டிப் பாயை இறக்கினேன். அவள் பாறைகளுக்கு விலகியே படகை வைத்திருந்தாள். மழையில் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மீன்பிடிப் படகு கயிறு எறிந்தது. அதிலிருந்த சீனக் கிழவர் ஒருவர், இன்ஜின் எங்கே என்று மலாய் மொழியில் கேட்டார். அத்தான் உள்ளேயிருந்து வரவில்லை.

திரும்பும் வழியில் காரை நான் ஓட்டினேன். அத்தான் பின்சீட்டில் படுத்திருந்தார். பத்து காஜா ஊரைத் தாண்டினோம். பிறகு அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"ஒன்ன வச்சுச் சிரிச்சாரு அக்கா."

"அவருக்குத் துரை ஆவணும். ஒனக்கு அவரு விழணும். நடுவுல நானும் அந்தப் படகுலதான இருந்தேன்?"

அதுவரை அத்தானை மட்டும்தான் நான் கேவலமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் துரையின் படகு வேறு ஒரு பெருமைக்காரரிடம் போனது. அதற்கு முன்னால் நான் இன்ஜினைப் பிரித்துச் சரி செய்திருந்தேன். அக்கா என் தலைமேல் நின்று செய்ய வைத்தாள். பல் டாக்டரின் படகை அவளே போய்ப் பேசி முடித்தாள். அத்தான் ஒப்புக்கொண்டாரா என்று கேட்டால், நாற்காலியிலிருந்து எழ முடியாத மனிதரிடம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

முதுகு தேறிய பிறகு அவரும் வந்தார். கித்தான் நிழலில், மெத்தையில் சாய்ந்து, அக்கா போட்டுக்கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு, ஈப்போவிலிருந்து அழைத்து வந்த நண்பர்களுக்குப் பாய்மரப் படகைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று வகுப்பு எடுத்தார். அகலம் முக்கியம், கனம் முக்கியம், காற்றோட்டம் முக்கியம். எல்லாம் தாமே கண்டுபிடித்ததாகச் சொன்னார். அவர்களும் தலையாட்டினார்கள். சுக்கானில் இருந்தவளைப் பார்த்து ஒருவர், "அக்காவுக்கும் பழக்கி விட்டுட்டீங்களா அண்ணே?" என்று கேட்டார்.

"ஆமா," என்றார் அத்தான்.

அக்கா என் பக்கம் திரும்பி, முன்பாயின் கயிற்றைக் கொஞ்சம் இழுக்கச் சொன்னாள். இழுத்தேன்.