மூன்றாவது பைப்பு

ஆறாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோன பிறகு என் மனைவி படுக்கையை விட்டு எழுந்தது இரண்டே காரியங்களுக்குத்தான். குளிக்க, மீனுக்குத் தீனி போட. அந்த மீன்தொட்டியைத் தானா ராத்தா டவுனில் கடையை மூடிய ஒருவரிடமிருந்து வாங்கி வந்திருந்தேன். மேலே தொட்டி, அடியில் வடிகட்டும் பெட்டி. மேலிருந்து தண்ணீர் பைப்பில் இறங்கும், மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றும். தோட்டத்து லயத்து வீட்டுக்கு இந்த ஆடம்பரம் எதற்கு என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். அவள் எழுந்து நடந்தால் போதும் எனக்கு.

இறங்கும் பைப்பு காற்றையும் சேர்த்து இழுத்து ஓயாமல் கொரகொரத்தது. ஒரு நாள் அவள், "புள்ள சிணுங்குற மாதிரியே இருக்குங்க" என்றாள். குழந்தைப் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவன் நான். பெற்ற தாயைக்கூட அதட்டியிருந்தேன். ஒரு பைப்பு பேசினால் விடுவேனா?

தேயிலை ஃபேக்டரியில் நான் ஃபிட்டர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்கு மூன்று பைப்பாகப் போட்டேன். முதலாவதில் வால்வு. அளவாகத் திருகிவிட்டால் காற்று புகாது, தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கும். மிஞ்சுகிற கொஞ்சம் இரண்டாவதில் வழியும். மூன்றாவது மற்ற இரண்டையும்விட உயரமாக, வாயைத் திறந்துகொண்டு சும்மா நிற்கும். இரண்டும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் அதில் தடதடவென்று விழும். அந்தச் சத்தத்தில் வீட்டிலிருப்பவர்களுக்கு அடைப்பு தெரிந்துவிடும். வேலை முடிந்தபோது வீடு அமைதியாகிவிட்டது. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு மீன்குஞ்சு பைப்புக்குள் போய்விட்டது. அவள் முகம் வாடியதைப் பார்த்ததும் பழைய கைலியைக் கிழித்து இரண்டாக மடித்து மூன்று வாயிலும் கட்டினேன். எங்களுக்கு மலையிலிருந்து வருகிற தண்ணீரில் மண்ணும் சருகும் கலந்திருக்கும். குழாய் வாயில் துணி கட்டாத வீடே லயத்தில் கிடையாது. சிறு வயதிலிருந்து பழகிய கை, யோசிக்காமல் கட்டிவிட்டது. ஃபேக்டரியில் வேறு எவனாவது திறந்தே இருக்க வேண்டிய வாயை இப்படிக் கட்டியிருந்தால் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டியிருப்பேன்.

நான்காம் நாள் மத்தியானம் சாப்பிட வந்தால், வாசல்படியில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறது. முதல் இரண்டு துணியும் அழுக்கேறி அடைத்திருந்தன. மூன்றாவதில் தண்ணீர் கசிந்ததே தவிர விழவில்லை. மோட்டார் அடிப்பெட்டியில் இருந்ததையெல்லாம் மேலே ஏற்றித் தரையில் கொட்டியிருந்தது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். அவள் கண்ணைத் திறந்தபடி கட்டிலில் படுத்திருந்தாள். கட்டிலுக்கடியில் தண்ணீர் நின்றது. வீடே மிதக்கிறதே, தெரியவில்லையா என்று கத்திவிட்டேன்.

"ஒரு சத்தமும் கேக்கலங்க" என்றாள். "முன்ன அந்தச் சத்தத்த கேட்டுக்கிட்டேதான் தூங்குவேன். நிப்பாட்டச் சொல்லி நான் கேக்கவே இல்லயே" என்றாள்.

வெட்கமாக இருந்தது. தரையைத் துடைக்கக் குனிந்தேன். அவள் இறங்கி வந்து, ஈரத்திலேயே என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"புள்ள யாரு மாதிரிங்க இருந்துச்சு?"

ஆஸ்பத்திரியில் அவள் மயக்கம் தெளிவதற்கு முன்பே, துணியில் சுற்றிக் கொடுத்த குழந்தையை வாங்கிக்கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தவன் நான். பார்த்தால் அவள் தாங்கமாட்டாள் என்று எல்லாரிடமும் சொன்னேன். இப்போது அவளுடைய ஜாடைதான் என்று ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. முடியவில்லை.

"நான் பாக்கல" என்றேன். "பயந்துட்டேன்."

அவள் என் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கிப் பிழிந்தாள்.

"அப்ப என்னயாவது பாக்க விட்டிருக்கலாமே" என்றாள்.